தண்டலத்து ஓட்டத்திணை: ஒரு முன்னாய்வு

தண்டலம் வட்டாரத்தில் புதிதாக ஓடத் தொடங்குவோரைப் பற்றி இதுவரை முறையான ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கார், லாரி, பைக் என்று ஓடுவதெல்லாம் தயாராகிறது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடமே இருக்கிறது. அதுவும் வண்டிகளுக்குத்தான். மனிதன் ஓடினால் மட்டும் "என்னாச்சுப்பா, பஸ்ஸ விட்டுட்டியா?" என்கிறார்கள்.

தொல்காப்பியர் திணையை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். பகுத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்தது என்பது துறைசார் நம்பிக்கை.

முதற்பொருளில் நிலம்: நெடுஞ்சாலை ஓரம், கன்டெய்னர் லாரி விட்டுவைத்த அளவு.

பொழுதில்தான் சிக்கல். எற்பாடு என்னும் சிறுபொழுது காலையா, மாலையா என்று புலவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இளைஞருக்கும் அதே ஐயம் உண்டு. அவருக்கு வானம் விடியல், உடம்பு யாமம். அடுத்த ஷிப்ட் மாறியதும் இரண்டும் இடம் மாறும். "தினமும் ஒரே நேரத்தில் ஓடுங்கள்" என்று அறிவுரை எழுதுகிறவர்கள் ஷிப்ட் அட்டவணையைக் கண்ணால் கண்டவர்களாகத் தெரியவில்லை.

கருப்பொருளில் தெய்வம், உணவு, பறை ஆகியவற்றை (முறையே வழித்துணை விநாயகர், டீயும் வடையும், ஏர் ஹாரன்) ஒரு வரியில் தள்ளிவிடலாம். 'மா' என்னும் விலங்குக்கு அது போதாது. அந்த மா, நாய்.

ஓட்டத்திணை நாய்கள் மூவகை: உடன்வருவன, குரைத்து விடுவன, துரத்துவன (டீக்கடை மாஸ்டர் வாய்மொழி, முதல் டீ). உடன்வருவனவும் பிஸ்கட் தீர்ந்ததும் துரத்துவனவாகத் திரியும் என்பது பாடபேதம் (மேற்படி கடை, பெஞ்சின் இடது கோடி, இரண்டாம் டீ, சர்க்கரை கம்மி). குரைத்து விடுவன தனி வகையே அல்ல, துரத்துவனவற்றின் முன்னிலைதான் என மறுப்போரும் உளர் (மேற்படி பெஞ்ச், மூன்றாம் டீ, மெதுவடை மடித்த தாள், பின்பக்கம், எண்ணெய் படாத மூலை; கைப்பிரதி தற்போது குப்பைத்தொட்டியில்). மூவகைக்கும் மருந்து ஒன்றே: ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல், அசையாமல் நிற்பது. கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. இந்த இடத்தில் மட்டும் கட்டுரை விளையாடவில்லை.

உரிப்பொருள், தள்ளிப்போடுதலும் தள்ளிப்போடுதல் நிமித்தமும். புது ஷூ வாங்குவது நிமித்தத்தில் அடங்கும்.

பழக்கம் படிய எத்தனை நாள்? 21 என்ற கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது. நம்மூரில் ஒரு மண்டலம், 48. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இந்த வீச்சில் எந்த எண்ணைச் சொன்னாலும் ஆதாரம் இருக்கும். ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

வேலைக்கு ஆகும் வழியை 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவுக்காக வகுத்தார், தொல்காப்பியத்தைத் தொடாமலே. வாரம் மூன்று நாள். முதல் வாரம் அறுபது நொடி மெல்லோட்டம், தொண்ணூறு நொடி நடை, மாறி மாறி இருபது நிமிடம். இப்படியே ஏறி, ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர். மூன்று நாள் போதும் என்பதால் ஷிப்ட் மாறினாலும் தண்டலத்துக்கு ஒத்துவரும். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச முடியாவிட்டால் நடக்கலாம். யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. சாலை விபத்தில் கால் முறிந்து, பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களில் ஓடியவர் தமிழகத்திலேயே இருக்கிறார்: 2021இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன். அவரை எந்தத் திணையில் வைப்பது என்று குழு கூடி முடிவெடுக்கும்.

மேலே சொன்ன நாய் வகைகளில் நான்காவது ஒன்றை யாரேனும் கண்டிருந்தால் தெரு, பொழுது, ஷிப்ட் விவரத்துடன் எழுதி அனுப்புங்கள். அதைத் தனிக் கட்டுரையாகப் போட்டால் பதவி உயர்வுக்குக் கணக்கில் ஒன்று கூடும்.