குமரி மாவட்ட ஆகுபெயர்கள்: ஜேசிபியை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அது விளவங்கோட்டு அதங்கோடுதான் என்பதில் குமரி மாவட்டத்தாருக்கு ஐயமில்லை. பிற மாவட்டத்தாரின் ஐயத்தை இவ்வாய்வு பொருட்படுத்தவில்லை. ஆகவே ஆகுபெயர் பற்றிப் பேச முதல் உரிமை நமக்கே.

செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆவது கருத்தாவாகுபெயர். திருவள்ளுவரைப் படித்தேன் என்பதும் அதுதான், கேனான் எந்திரத்தில் ஜெராக்ஸ் எடுத்தேன் என்பதும் அதுதான். ஜெராக்ஸ், டால்டா, பெட்ரோமாக்ஸ் ஆகியவை பலரும் ஆராய்ந்து நைந்தவை. விடுவோம்.

ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆள். 1945இல் இங்கிலாந்தில் சிறு பட்டறை போட்டவர். 1979இல் அவர் கம்பெனி அரியானாவின் பல்லப்கர் வரை வந்தது. அங்கிருந்து தோவாளை வருவதற்குள் ஆள் காணாமல்போய், முன்னால் பக்கெட்டும் பின்னால் மடங்கும் கையுமாக ஒரு மஞ்சள் பூதம் மட்டும் வந்து சேர்ந்தது.

ஹிட்டாச்சி இன்னும் நுட்பம். அது ஜப்பானில் ஓர் ஊர். 1910இல் அங்கே தோன்றிய கம்பெனிக்கு ஊர்ப்பெயர் ஆனது, இடவாகுபெயர். கம்பெனிப் பெயர் எந்திரத்துக்கு ஆனது, இருமடியாகுபெயர். குலசேகரத்தில் பால் வற்றிய ரப்பர் மரத்தை மூட்டோடு பிடுங்க வரும் கோபெல்கோவுக்கும் அதே பெயர், மும்மடி. நன்னூல் உரைகாரர்கள் இருந்திருந்தால் கார், கார்காலம், கார்நெல் என்று மழையில் நனைந்துகொண்டிருக்கமாட்டார்கள்.

இரு பெயருக்கும் போட்டியில்லை, பாகுபாடுதான். டயரில் ஓடினால் ஜேசிபி, செயினில் ஊர்ந்தால் ஹிட்டாச்சி. ஜேசிபி கம்பெனியே செயின் வண்டியும் செய்கிறது. அது பில்லில் ஜேசிபி, ஊருக்குள் ஹிட்டாச்சி. வாடகைப் பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, கொளத்துல மண்ணு அள்ள ஒரு ஜேசிபி வேணும்."

"நம்மகிட்ட உள்ள ஜேசிபி மஹிந்திராவாக்கும். பரவால்லியா?"

"எதுன்னாலும் ஜேசிபிதானே. மணிக்கு எவ்வளவு?"

இருவரும் சிரிப்பதில்லை. வாடகையில் குறைப்பதும் இல்லை.

இனி விதிவிலக்கு. 1894இல் இன்றைய செக் குடியரசின் ஸ்லின் நகரில் தொடங்கிய பாட்டா கம்பெனி, 1931இல் இந்தியா வந்து செருப்புக்கே பெயராகப் பார்த்தது. குமரி மாவட்டத்தில் அவ்விடம் காலியில்லை. இங்கே தாத்தாதான் பாட்டா. "பாட்டாவ வெளியில விட்டுட்டு உள்ள வா" என்றால் வீட்டில் என்னென்ன விபரீதம் நேரும் என்பதை இலக்கணம் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது: வினைமுற்றைப் பார்த்துத் திணை தெளிக. பாட்டா வந்தார் என்றால் உயர்திணை. பாட்டா அறுந்துபோச்சு என்றால் அஃறிணை.

"பாட்டா தேஞ்சுபோச்சு" என்ற தொடர் மட்டும் எந்த விதிக்கும் அடங்கவில்லை. ஆறு மாதம் உழைத்த செருப்பைப் பற்றியும் பேத்திகள் அப்படித்தான் சொல்கிறார்கள், சர்க்கரை வியாதியில் மெலிந்த கிழவரைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறார்கள்.