இமைப்பொழுதில் எடுக்கலாமா?

எஸ்.கே., திண்டுக்கல்: மேல் இமையில் அரிசி அளவுக்குச் சதை தொங்குகிறது. என்ன அது?

அது தோல் மரு. உள்ளே கொஞ்சம் கொலாஜன் நார், கொஞ்சம் கொழுப்பு, ஓரிரு நுண்ணிய ரத்தக்குழாய், வெளியே தோலுறை. வைத்தியப் புத்தகத்தில் பெயர் 'அக்ரோகார்டான்'. பெயரில் இருக்கிற பயங்கரம் ஆளிடம் கிடையாது.

எம்., புதுச்சேரி: எனக்கு மட்டும் ஏன்?

பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் கழுத்தைப் பாருங்கள், ஆறுதல் கிடைக்கும். தோலோடு தோல் உரசும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, இமை எல்லாம் மருவின் பேட்டை. வம்சம், உடல் பருமன், கர்ப்பகால ஹார்மோன், இன்சுலினுக்கு உடம்பு மசியாத நிலை ஆகியவை கூட்டாளிகள். கழுத்தில் கருமை படர்ந்து மருவும் கொத்தாக இருந்தால், தேவை ஃபேர்னஸ் கிரீம் அல்ல, சுகர் டெஸ்ட்.

திருமதி வி., கரூர்: ஒட்டுமா? கணவரின் துண்டைத் தனியாக வைத்துவிட்டேன்.

சாதாரணத் தோல் மரு ஒட்டாது. சொரசொரவென்று இருந்தால் எச்.பி.வி. வைரஸ் தரும் மரு, ஒட்டும். முத்துப்போல் உருண்டு நடுவில் குழி விழுந்திருந்தால் மொலஸ்கம். அதுவும் வைரஸ், அதுவும் ஒட்டும். இமையோரம் வந்தால் கண்ணையே சிவக்க வைக்கும். ஆக, துண்டின் விடுதலை டாக்டர் தீர்ப்பில் இருக்கிறது. கணவரின் விடுதலை பற்றி நீங்கள் கேட்கவில்லை.

ஆர்.பி., மதுரை: மூக்கை ஒட்டி, இமைமேல் மஞ்சளாகப் படர்ந்திருக்கிறதே?

அது மருவே அல்ல. சாந்தலாஸ்மா என்ற கொழுப்புப் படிவு. உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ரத்தத்திலும் கொழுப்பு எகிறியிருக்கும். மோனாலிசாவின் இடது கண்ணோரத்து மஞ்சள் மேடு இதுதான் என்று எழுதிய மருத்துவர்கள் உண்டு. உலகமே புன்னகையைப் பார்க்க, டாக்டர்கள் மட்டும் கொலஸ்ட்ராலைப் பார்த்திருக்கிறார்கள்.

என்.டி., கொழும்பு: கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் குட்டிக் குட்டிக் கறுப்பு மேடுகள். அம்மாவுக்கும் உண்டு.

அம்மா வீட்டுச் சீதனம். பெயர் 'டெர்மடோஸிஸ் பாபுலோஸா நைக்ரா'. மாநிறத்திலும் கறுப்பிலும் சகஜம், ஆபத்தில்லை. 1925-ல் இதைப் பதிவு செய்தவர் காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அதற்கு முன் உங்கள் ஊரில் வேலை பார்த்தவர். நடிகர் மார்கன் ஃப்ரீமன் இந்த முகத்தோடுதான் ஆஸ்கர் வாங்கினார்.

ஜி., சேலம்: சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துத் தடவினால் உதிருமாமே? பாட்டி சொல்கிறார்.

உதிரும், பார்வையும் சேர்ந்து. கண்ணுக்கு அமிலத்தைவிடக் காரம் கொடியது. அமிலம் புரதத்தை உறையவைத்துத் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். காரமோ செல்லின் கொழுப்பைச் சோப்பாக்கி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தவறிப் பட்டுவிட்டால், அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டி சுண்ணாம்பை வெற்றிலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பெயர் வேண்டாம், தேனி: அம்மான் பச்சரிசிப் பால் இயற்கையானதுதானே?

எருக்கம்பாலும் இயற்கைதான். அது தெறித்துக் கருவிழி வீங்கி வருகிறவர்களை நம்மூர்க் கண் டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும். இயற்கை அந்தப் பாலை வைத்தது கடிக்க வருகிற வாய்க்கு எதிராக. உங்கள் மருவுக்காக அல்ல.

கே.எல்., ஈரோடு: குதிரைவால் முடியால் இறுகக் கட்டினால்?

தத்துவம் சரி. ரத்த ஓட்டம் நின்றால் மரு கறுத்து உதிரும். கழுத்து மருவுக்கு டாக்டர்களே நூல் கட்டுவதுண்டு. ஆனால் இமையில்? கண்ணாடி பார்த்து, ஒற்றைக் கண்ணால், நடுங்கும் விரலால் முடிச்சு! முடிதான் குதிரையுடையது, கண் உங்களுடையது.

டி.ஆர்., கோவை: ஆன்லைனில் 'ஒரே வாரத்தில் உதிரும்' என்று சொட்டு மருந்து விற்கிறார்களே?

2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., தோல் மரு நீக்கும் மருந்து எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று சொல்லி, விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. இத்தகைய சரக்குகளில் தோலை அரிக்கும் அமிலம் இருப்பதுண்டு. ஐந்து நட்சத்திரம் போட்டவருக்கு மரு இமையிலா, முதுகிலா என்று விசாரித்தீர்களா?

பி.எஸ்., மயிலாடுதுறை: வைத்தீஸ்வரன்கோயிலில் உப்பும் மிளகும் போட்டோம். பையனின் பாலுண்ணி போய்விட்டது. என் இமை மரு அசையவில்லை.

பிள்ளைகளுக்கு வரும் வைரஸ் மரு பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே மறையும். தோல் மரு அப்படி லேசில் போகாது. வைத்தியநாதர் உங்கள் கேஸை சர்ஜனுக்கு ரெஃபர் செய்திருக்கிறார்.

ஏ.எம்., திருச்சி: டாக்டர் எப்படி எடுப்பார்? வலிக்குமா?

மரத்துப்போக ஊசி, சின்னக் கத்தரி, ஒரு 'சரக்'. அல்லது மின்சூட்டால் சுட்டு எடுப்பது. வலி ஊசியோடு சரி. லேசர் என்றால் கண்ணுக்குக் கவசம் போடுவார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனும் உண்டு. நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு விட்டுப்போகலாம். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. இமை விளிம்பில் மரு இருந்தால், இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் டாக்டரைத் தேடுங்கள்.

எஃப்., தூத்துக்குடி: பார்லரில் பாதி விலைக்குச் சுட்டு எடுக்கிறார்களே?

எடுத்ததை பார்லர் குப்பையில் போடும். டாக்டர், சந்தேகமிருந்தால், பயாப்ஸிக்கு அனுப்புவார். மீதிப் பாதி விலை அதற்குத்தான்.

ஜே., நாகர்கோவில்: சந்தேகம் எப்போது வர வேண்டும்?

வேகமாக வளர்ந்தால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால், புண் ஆறாவிட்டால், அந்த இடத்தில் இமைமுடி கொட்டினால். இமை எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் ஒன்று சாதுவான கண்கட்டி வேஷம் போடும். மேல்நாட்டில் அபூர்வம், நம் நாட்டில் அவ்வளவு அபூர்வமில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கண்கட்டியை நம்பாதீர்கள்.

யு., வேலூர்: எடுத்தது மறுபடி வருமா?

முழுசாக எடுத்திருந்தால் பெரும்பாலும் வராது. அண்ணன் தம்பிகள் பக்கத்தில் குடிவரலாம்.

சி., கடலூர்: எடுக்காமலே விட்டால்?

உறுத்தவில்லை, பார்வையை மறைக்கவில்லை, மருதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்றால் தாராளமாக விடலாம். அழகுக்காக எடுப்பதற்கு இன்ஷூரன்ஸ்காரர் பொதுவாகப் பணம் தரமாட்டார். இந்த முடிவில் அவருக்கும் பரம சந்தோஷம்.

ஓ.பி., தஞ்சாவூர்: இடது இமையில் மரு இருந்தால் பணம் கொட்டும் என்கிறார் ஜோசியர். எடுத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமா?

ஜோசியரின் இமையை உற்றுப் பாருங்கள். மரு இல்லாமலேயே உங்களிடம் பணம் வாங்கிவிட்டார், பார்த்தீர்களா?