ஓனர் வரலையா?

மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அங்கே தயாரான யெஸ்டி பைக்குக்கு உண்மையான மவுசு அதற்குப் பிறகுதான். மாட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த தாத்தாவின் வண்டியை ஐ.டி. பேரன் ஒரு நாள் ‘வின்டேஜ்’ என்று அறிவிக்கிறார். கார்பரேட்டர் இல்லை. இரட்டை சைலன்சரில் ஒன்றைக் காணோம். இன்னொன்றில் எலிகளின் கூட்டுக்குடும்பம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, அந்த லிவர். ஜாவாவில் செக் நாட்டுக்காரர்கள் செய்த சிக்கனம் இது: கிக்கரும் அதுதான், கியரும் அதுதான். ஒன்று தொலைந்தால் இரண்டு தொலையும்.

ஆகவே உதிரிபாகம் தேடி சென்னை புதுப்பேட்டை. கடைக்காரர் முதலில் பேரனின் செருப்பைப் பார்ப்பார், பிறகு விலையைச் சொல்வார். “ஒரிஜினல் சார், இனிமே வராது.” போன வாரம் பட்டறையில் வார்த்ததற்கும் இதே வசனம்தான். செலவான காசுக்குப் புது புல்லட்டே வந்திருக்கும் என்பதை வீட்டில் ஒருவர் மட்டும் சொல்கிறார். அவரை யாரும் வின்டேஜ் ரசிகராக மதிப்பதில்லை.

ஒருவழியாக வண்டி கிளம்புகிறது. பேரன் கண்ணீர் விடுகிறார், தெருவும் விடுகிறது. டூ-ஸ்ட்ரோக் புகை அப்படி. மிச்சம் பதிவைப் புதுப்பிப்பதுதான். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில். கவுன்ட்டரில் நிமிர்ந்து பார்க்காமலே கேட்கிறார்கள்:

“ஓனர் நேர்ல வரலையா?”