வரப்போரம் ஒரு ஸ்டாண்ட்-அப்

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் 17 மென்பொருள்காரர்கள் கூடி ‘அஜைல்’ அறிக்கை எழுதினார்கள். சாரம் எளிது: கட்டுக்கட்டாய்க் காகிதத்தைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம், பயன்படுத்துகிறவரைக் கேள், மாற்றத்துக்கு முகம் சுளிக்காதே. இன்று பெங்களூரில் இதை ஓதாத ஏ.சி. அறை இல்லை. கடைப்பிடிக்கிற பாக்கியம் மட்டும் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து நூறு நாள் வேலைக்காரர்களுக்கு வாய்த்தது.

அஜைலில் ஸ்டாண்ட்-அப் என்றால் தினமும் ஒரு தடவை எல்லோரும் நின்றபடி கால் மணி நேரம் பேசுவது. இங்கே நாளுக்கு இரண்டு. 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு என்.எம்.எம்.எஸ். செயலியில்தான். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்போரம் வரிசையாக நிற்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மேட் போனைத் தலைக்கு மேல் தூக்கி டவர் தேடுவார். மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதி காடு. மலை மாதேஸ்வரா பக்கம் டவரைவிட யானை சுலபமாக எதிர்ப்படும். படம் ஏறவில்லையா, வருகை இல்லை, கூலியும் இல்லை. பிழை செயலியில், அபராதம் வியர்வைக்கு.

அடுத்து ஸ்பிரிண்ட்: இரண்டு வாரத்தில் ஒரு வேலையை முடித்துக் கையில் கொடுப்பது. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமே 15 நாளுக்குள் கூலி என்றது. அந்த ஓட்டத்துக்குத்தான் யாருக்கும் கால் வரவில்லை. தாமதத்துக்கு நஷ்டஈடு நாளுக்கு 0.05 சதவீதம். 2024-25-இல் கர்நாடகக் கூலி 349 ரூபாய். அதை ஒரு நாள் பிடித்துவைத்தால் 17 பைசா தருவார்கள். பத்திரமாக முடிந்துகொள்ளுங்கள்!

2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்கே ஞானம் பிறந்தது. மோசடியை ஒழிக்க வந்த செயலியில் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் ஏறுகின்றனவாம். மருந்து? கிராமப் பஞ்சாயத்தில் எல்லாப் படங்களையும் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம். ஆளை நம்பாமல் செயலி, செயலியை நம்பாமல் ஆள்; நடுவில் கூலிக்காரர் வெயிலில் நிற்கிறார்.

பயனர் கருத்தும் மாதேஸ்வரா மலையிலிருந்து போகாமல் இல்லை. சாலை, குடிநீர், மின்சாரம் கேட்டு அலுத்த இண்டிகநத்தா கிராம மக்கள் 2024 ஏப்ரல் 26 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அதிகாரிகள் வற்புறுத்தப் போக, வாக்குச்சாவடி நொறுங்கியது. ஏப்ரல் 29-இல் மறுவாக்குப்பதிவு! மலையேறி, இயந்திரம் வைத்து, காவல் போட்டு, மூன்றே நாளில். அரசுக்கு அஜைல் தெரியாது என்று யார் சொன்னது? ஓட்டு என்றால் மூன்று நாளில் மலையேறுகிறது. கூலி என்றால் மட்டும் டவர் இல்லை.