பாதிக்கப்பட்டோரைத் தளவாடமாக அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், டெல்லி மற்றும் சென்னை.

பொருள்: குற்றங்களால் பாதிக்கப்பட்டோரைத் தளவாடச் சாமான்கள் பட்டியலில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) மத்திய நிதிநிலை அறிக்கை, 2013-14. 2) குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 357ஏ, புதிய பெயரில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 396.

ஐயா / அம்மையீர்,

டெல்லிப் பேருந்தில் ஓர் இளம்பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அந்தக் கொடூரம் நடந்து ஏறத்தாழ இரண்டரை மாதத்தில், 2013 பிப்ரவரி 28 அன்று, அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் ரூ.1,000 கோடியில் நிர்பயா நிதியை அறிவித்தார். மறு ஆண்டு இன்னுமொரு 1,000 கோடி சேர்ந்தது. ஆண்டு முடிந்தாலும் காலாவதி ஆகாத நிதி இது. அந்த ஒரு சலுகையை நம் மாநில அரசுகள் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டன என்பது 2019 இறுதியில் மக்களவையில் தரப்பட்ட பதிலில் தெரிந்தது. மகாராஷ்டிரத்துக்குப் போன 149 கோடியில் ஒரு பைசா செலவாகவில்லை. தமிழ்நாட்டுக்கு வந்தது 190 கோடி, செலவானது 6 கோடி. பொதுப் பணத்தைத் தொடக்கூடக் கூசும் இந்த நாணயத்தைப் பாராட்ட நாட்டில் ஒரு விருது இல்லையே என்பது குறைதான்.

பிறகு கை தாராளமானது. ஒதுக்கியதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு செலவாகிவிட்டது என்று அரசே இப்போது கணக்குக் காட்டுகிறது. எதற்கென்று பார்த்தால் மனம் நிறைகிறது. எட்டு பெருநகரங்களின் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டத்துக்கு ரூ.2,900 கோடிக்கு மேல் ஒப்புதல். அதில் சென்னையின் பங்கு மட்டும் 425 கோடி. 983 ரயில் நிலையங்களில் கேமரா உள்ளிட்ட கண்காணிப்பு ஏற்பாட்டுக்கு 500 கோடி. சென்னை மாநகரப் பேருந்துகளில் கேமராவும் அவசர அழைப்புப் பொத்தானும். மும்பை காவல்துறை இந்த நிதியில் 30 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து பொலேரோ ஜீப்புகள் உள்ளிட்ட வாகனங்களை வாங்கியது. அவற்றில் சில ஜீப்புகள் ஆளும் தரப்பு எம்.எல்.ஏ.க்களின் பாதுகாப்புக்குப் போய்விட்டன என்று 2022 டிசம்பரில் செய்தி வந்தது. பெண்களின் பாதுகாப்பு நிதியில் சட்டமன்ற உறுப்பினர்களும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்றால் அதையும் திட்டத்தின் பலனாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே, குற்றம் நடந்தேறிவிட்ட பிறகு உயிரோடு மிஞ்சும் மனிதருக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கும் உண்டு. மாநிலங்களின் இழப்பீட்டுத் திட்டங்களுக்குத் துணையாக மத்திய அரசு நிர்பயா நிதியிலிருந்து 200 கோடி கொடுத்தது. நாடு முழுவதற்கும், ஒரே ஒரு முறை. மீதி மாநிலங்களின் பாடு. சென்னை என்ற ஒரு நகரத்தின் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒதுக்கியதில் பாதிகூட இல்லை அது.

கோரிக்கை பிறப்பது இந்த இடத்தில்தான்.

கேமரா ஒன்று வாங்கப்பட்டால் அதற்குத் தளவாடப் பதிவேட்டில் எண் விழுகிறது. உத்தரவாதக் காலம் உண்டு, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. பழுதானால் ஆள் வந்து பார்க்கிறார். திறப்பு விழாவில் அமைச்சர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். அதே கேமரா பதிவு செய்த காட்சியில் விழுந்து கிடக்கும் பெண்ணுக்கு இதில் ஒன்றும் கிடையாது. மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள், இந்த நிதியின் உருப்படியான செலவுகளில் சேர்த்தி. ஆனால் மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம் என்று சொல்லப்பட்டது ஐந்து நாள். ஆறாவது நாள் அவள் எங்கே போவாள் என்பதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. ஆகவே அவளையும் ஒரு சாமானாக அறிவித்துவிட்டால் பராமரிப்புச் செலவு தானாக வந்துவிடும், தணிக்கையிலும் கேள்வி எழாது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 357ஏ 2009-இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்குக் குறைந்தது 3 லட்சம், அதில் ஒரு லட்சம் சம்பவம் தெரியவந்த பதினைந்தே நாளில் என்று லட்சுமி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் வரை என்று 2018-இன் தேசியத் திட்டம் தொகை போட்டுக் கொடுத்தது. எழுதி வைத்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் 2024 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், தீர்ப்புச் சொல்லும்போது இழப்பீட்டுக்கும் உத்தரவிடுங்கள் என்று அமர்வு நீதிமன்றங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. சட்டம் வந்து பதினைந்து ஆண்டு ஆகப்போகும் நேரத்தில்!

தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டோருக்கு உதவ இந்த மாநிலம் 1995-லேயே தனி நிதி ஏற்படுத்தியது. டெல்லியின் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குப் பதினான்கு ஆண்டுக்கு முன். அந்தப் பெருமையை மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பேசினால், இன்று அந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள் என்ற தயக்கமாக இருக்கலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. அமெரிக்கா 1984-இல் ஏற்படுத்திய நிதிக்கு வரி கட்டுபவரின் காசு வேண்டியிருக்கவில்லை; மத்தியக் குற்ற வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள், நிறுவனங்கள் உட்பட, கட்டும் அபராதமே அதன் முதல். அங்கும் குழப்பம் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று 2000 முதல் அந்த நாட்டு உறுப்பினர்கள் உச்சவரம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரவு சரிந்ததால் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியும் வந்தது. கஞ்சத்தனத்தில் தாங்கள் தனியாக இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

மேற்படி கோரிக்கை சம்பிரதாயத்துக்கு ஒவ்வாது என்று தோன்றினால் மாற்று ஏற்பாடாகச் சிலவற்றைப் பரிசீலிக்கலாம். அந்த 200 கோடியை ஆண்டுதோறும் வரும் தொகையாக்கலாம். ஒவ்வொரு மாவட்ட ஆணைக்குழுவின் கையிலும் இடைக்கால நிவாரணத்துக்கென்று பணம் முன்கூட்டியே இருக்கும்படி செய்யலாம். ஆணை பிறந்த பிறகு கருவூலத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் வேலை மிச்சமாகும். சேவை மையங்களில் மனநல ஆலோசகர் நிரந்தரப் பணியாளராக இருக்கலாம். எத்தனை பேர் இழப்பீடு கேட்டார்கள், எத்தனை பேருக்கு எத்தனை நாளில் கிடைத்தது என்ற கணக்கை மாவட்டவாரியாக அவையில் ஆண்டுக்கொரு முறை வைக்கலாம். கேமராக்களின் எண்ணிக்கையை வாசிக்கும் அதே குரலில் வாசித்தால் போதும்.

தளவாடப் பட்டியலில் சேர்ப்பதாகவே முடிவெடுத்தால் ஒரு நிபந்தனையை மட்டும் ஆணையில் எழுதிவிட வேண்டுகிறோம்: மும்பை அனுபவத்தை முன்னிட்டு, இச்சாமான்களை மாண்புமிகு உறுப்பினர்களின் பந்தோபஸ்துக்கு அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
வரி கட்டும் குடிமக்கள்

நகல்: மத்திய நிதியமைச்சகம் – தகவலுக்காகவும், தொகைக்காகவும்.