எண்ணிக்கையா, நியாயமா?

கேள்வி: ஒரு நகரத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் திறமைசாலியா என்பதை, எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பினார் என்று பார்த்துத்தானே சொல்ல முடியும்?

பதில்: தண்டனைகளை எண்ண ஒரு குமாஸ்தா போதும், தலைமைக்கு அளவுகோல் வேறு. மன்ஹாட்டனின் மாவட்ட அரசு வழக்கறிஞராக 1975 முதல் 2009 வரை இருந்த ராபர்ட் மார்கெந்தாவைப் பாருங்கள். தெருக் குற்றங்களோடு நிற்காமல், 1991-ல் பி.சி.சி.ஐ. என்ற பன்னாட்டு வங்கி மீதே குற்றம் சாட்டியவர். ஆனாலும் அவரை எடைபோட வேண்டிய ஆண்டு 2002. சென்ட்ரல் பார்க்கில் 1989-ல் நடந்த கொடூரத்துக்காக அவரது அலுவலகம் ஐந்து பதின்வயதினருக்குத் தண்டனை வாங்கித் தந்திருந்தது. பிறகு வேறொருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், டி.என்.ஏ. சோதனையும் அவனையே காட்டியது. தன் அலுவலகம் வென்ற அந்த வழக்கின் தீர்ப்புகளை ரத்து செய்யும்படி மார்கெந்தாவே நீதிமன்றத்தைக் கேட்டார்.

“தவறே அவர் அலுவலகத்துடையது, பாராட்டு எதற்கு?” என்று கேட்பது நியாயம். அந்தச் சிறுவர்கள் சிறையில் இழந்த ஆண்டுகளை எந்தத் திருத்தமும் ஈடுசெய்யாது. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கவும் கூடாது. ஆனால் அது மக்களிடம் வாக்குக் கேட்டு வரும் பதவி. காவல் துறையின் அதிருப்தியையும் மீறி, அங்கே இருந்துகொண்டு இப்படிக் கேட்பது எளிதல்ல. வென்ற வழக்கையும் மறுபடி பிரித்துப் பார்க்கத் துணிபவரிடம்தான் குற்றம் சாட்டும் அதிகாரத்தை நம்பிக் கொடுக்கலாம்.