மிசிசிப்பிக்கரை வியாபாரம்

மஸ்கட்டீன், அயோவா

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் அத்தையிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நான் இருப்பது மஸ்கட் இல்லை, மஸ்கட்டீன். அத்தை சொன்னதை நம்பி மேலமாசி வீதிச் சித்தி பேரீச்சம்பழமும் சென்ட் பாட்டிலும் கேட்டு வாட்ஸப்பில் பட்டியலே அனுப்பிவிட்டார். இது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் இருக்கிறது. மேற்கே பார்த்து வருகிற மிசிசிப்பி ஆறு சட்டென்று தெற்கே திரும்புகிற வளைவில் உட்கார்ந்திருக்கிற ஊர். ஜனம் சுமார் 24,000. நம் திருமங்கலத்தில் பாதிகூடத் தேறாது.

"அங்கே வியாபாரம் எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள். புதுமண்டபத்துத் தையல்காரர்களுக்கு நூலும் பட்டனும் ஜிப்பும் கொடுத்தே தலை நரைத்தவர், வேறு என்ன கேட்பீர்கள்? சம்பளம் எவ்வளவு என்று கேட்காத ஒரே உறவுக்காரர் நீங்கள்தான். அதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

கடைவீதியை மட்டும் பார்த்தால் ஊரே திவால் என்றுதான் சொல்வீர்கள். ரெண்டாவது தெரு என்று பெயர். இரண்டு பக்கமும் செங்கல் கட்டடங்கள், நம் மாசி வீதிக்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுகிற முகப்புகள். வாசலிலேயே வண்டி நிறுத்த இடம். ஆனால் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடுத்தெருவில் பாய் விரித்துப் படுக்கலாம். போனால் போகிறது என்று ஒருவர் காரை நிறுத்தி, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிப்பார். விளக்குத்தூண் பக்கம் தோளில் நாலு பேர் இடிக்காமல் நடந்தால் "இன்றைக்குப் போணி சரியில்லை" என்கிற உங்களுக்கு இந்தத் தெருவைக் காட்டினால் மயக்கம் வரும்.

இந்த அமைதியிலும் யாராவது துணிந்து கடை திறந்தால் வணிகர் சங்கத்தார் வந்துவிடுகிறார்கள். நம் ஊரில் சங்கத்தார் வந்தால் கையில் ரசீதுப் புத்தகம் இருக்கும். இவர்கள் கையில் ஓர் ஆள் உயரத்துக்குக் கத்தரிக்கோல். ஒரு முடிதிருத்தும் கடைத் திறப்புக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண், அவள் அம்மா, பாங்க்காரர், இன்ஷூரன்ஸ்காரர், ஒரு நாய் எல்லோரும் ரிப்பனுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ராட்சதக் கத்தரி ரிப்பனை மென்றதே தவிர வெட்டவில்லை. கடைசியில் அந்தப் பெண் இடுப்பிலிருந்து தன் தொழில் கத்தரியை உருவி நறுக்கென்று வெட்டிவிட்டாள். கைதட்டல், போட்டோ, ஆளுக்கொரு பிஸ்கட். கால் மணியில் தெரு பழையபடி காலி. வந்தவர்களில் ஒருவரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. தேங்காய் இல்லை, பூசணிக்காய் இல்லை, வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் இல்லை. இப்படி ஒரு தைரியத்தில் நாம் கடை திறப்போமா?

ஆனால் மாமா, ஊர் திவால் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் விற்றுப் பிழைப்பதில்லை. யாரும் உற்றுப் பார்க்காத சாமானாகப் பார்த்துச் செய்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் முதல் சாமான் எது தெரியுமா? பட்டன்!

1890-ல் அமெரிக்க அரசு வெளிநாட்டுப் பட்டன் மீது வரியை ஏற்றியது. ஜான் போப்பிள் என்று ஒரு ஜெர்மன்காரர், பட்டன் கடைகிற தொழில் தெரிந்தவர். மிசிசிப்பியில் சிப்பி குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு 1891-ல் இங்கே பட்டறை போட்டார். சிப்பிக்கு விலை இல்லை, ஆற்றில் இறங்கி அள்ளவேண்டியதுதான். 1905 வாக்கில் இந்த ஊர் வருடத்துக்கு 150 கோடி பட்டன் செய்தது. உலகத்துப் பட்டனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்கிறார்கள். உங்கள் தாத்தா சட்டையில் இருந்த முத்துப் பட்டன்கூட இங்கிருந்து போயிருக்கலாம். சத்தியம் செய்யமாட்டேன்.

இதற்கென்று ஒரு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையை அடைக்கிற அளவு. வெளியே கருத்துச் சொரசொரவென்று அழுக்கு, உள்ளே பளபளவென்று வெள்ளை. அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஊறவைத்த சிப்பியில் குழாய் ரம்பத்தை வைத்து அழுத்தினால் வட்டச் சில்லு விழும். அதைத் தேய்த்து, துளை போட்டு, மெருகேற்றினால் பட்டன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு நூல் கனம்தான் மிச்சம். பிட்டு வீணாகாமல் துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டு வெட்டுவாரே நம் காஜா பாய், அந்தக் கணக்குத்தான். ஓட்டைச் சிப்பிகள் தோட்டத்தைக் கொத்தினால் இன்றைக்கும் கிடைக்கின்றன.

பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ் என்று நான் படித்தது உங்கள் கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில். இங்கத்திய முதலாளிகள் வேறு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். தொழிலாளி பதினான்கு டஜன் வெட்டிக் கொடுத்தால்தான் ஒரு குரோஸுக்குக் கூலி. உடைந்தது, கோணலானது போக என்று சாக்கு. தொழிலாளிகள் பொறுக்காமல் சங்கம் வைத்தார்கள். 1911-ல் முதலாளிகள் பட்டறையைப் பூட்டினார்கள். கவர்னர் துப்பாக்கியோடு படையை அனுப்பினார். அந்த இரண்டு டஜனுக்காக இவ்வளவு ரகளை. உங்கள் கடையில் அட்டைக்கு ஒரு பட்டன் குறைந்தாலே கீழவாசல் கேட்க நீங்கள் போடும் சத்தம் எனக்கு நினைவிருப்பதால், தொழிலாளிகள் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பளித்துவிட்டேன்.

போப்பிள் கதை பாவம். ஆற்றில் சிப்பி அருகிப்போனதும், வளர்த்துப் பெருக்குவதற்கு அரசாங்கம் பக்கத்து ஃபேர்போர்ட்டில் ஒரு நிலையம் வைத்தது. அதற்காகத் தண்ணீரில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தவர் காலை ஒரு சிப்பி கிழித்தது. புண் புரையோடி 1912-ல் செத்துப்போனார். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது, ஜிப் வந்தது, முத்துப் பட்டனைக் கரடுமுரடாக்கும் வாஷிங் மெஷின் வந்தது. 1960-களோடு சிப்பிப் பட்டன் கதை முடிந்தது. ஜிப்பை நீங்களும் விற்கிறீர்கள், அதனால் மேலே பேசவில்லை.

நம் ஊராக இருந்தால் பட்டனோடு ஊரும் போயிருக்கும். இங்கே ஒன்று படுக்கும்போது இன்னொன்று எழுந்து நிற்கிறது. ஹெய்ன்ஸ் கெட்சப் ஆலை 1890-களிலேயே வந்துவிட்டது. அவர்கள் சொந்த ஊரான பிட்ஸ்பர்க்கை விட்டு வெளியே போட்ட முதல் ஆலை என்று பெருமை பேசுகிறார்கள். பழைய லாரி டயருக்குப் புதுத் தடம் ஒட்டும் ரீட்ரெடிங் வித்தையை 1957-ல் ராய் கார்வர் என்ற உள்ளூர்க்காரர் ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்து பேன்டாக் கம்பெனியை வளர்த்தார். 2007-ல் அதை பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கிக்கொண்டது.

எனக்குப் பிடித்த கதை நாற்காலிக் கதைதான். 1944-ல் மூன்று பேர் சேர்ந்து ஹோம்-ஓ-நைஸ் என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்து வருகிற சிப்பாய்கள் கல்யாணம் செய்து வீடு கட்டுவார்கள், அடுப்பங்கரைக்கு இரும்பு அலமாரி விற்கலாம் என்று திட்டம். சிப்பாய்கள் வந்தார்கள், கல்யாணமும் செய்தார்கள், இரும்புத் தகடு மட்டும் வரவில்லை. கிடைத்த துண்டுத் தகட்டை வைத்துச் சமையல் குறிப்பு அட்டை போட்டுவைக்கும் சின்னப் பெட்டிகள் செய்தார்கள். அந்தப் பெட்டி ஆபீஸ் ஃபைல் பெட்டியாயிற்று, பெட்டி பீரோவாயிற்று, பீரோவுக்கு மேஜை, மேஜைக்கு நாற்காலி. இன்றைக்கு எச்.என்.ஐ. என்ற பெயரில் உலகத்தின் பெரிய ஆபீஸ் ஃபர்னிச்சர் கம்பெனிகளில் ஒன்று. 2025-ல் ஸ்டீல்கேஸ் என்ற பழம்பெரும் போட்டிக் கம்பெனியையே வாங்கப்போவதாக அறிவித்தது, சுமார் 220 கோடி டாலருக்கு. அடுப்பங்கரை அலமாரி மட்டும் வந்தபாடில்லை.

இதெல்லாம் போக மக்காச்சோளம். அதை அரைத்து ஸ்டார்ச்சும் சாராய ஸ்பிரிட்டும் எடுக்கிற ஆலை ஊரின் தென்புறத்தில் இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஊர் முழுக்க ஒரு புளித்த வாடை. முதல் வாரம் என் ஃபிரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால் மூக்கை நிமிர்த்தி நன்றாக இழுத்து, "அது பண வாசனை" என்கிறார். அவர் பென்ஷன் அங்கிருந்து வருகிறதோ என்னவோ.

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போவேன். வைகையில் தண்ணீர் வந்தால் பார்க்கக் கூட்டம் கூடுகிற ஊரிலிருந்து வந்தவன், ஆகவே தண்ணீரைப் பார்த்தால் நின்றுவிடுவேன். பார்ஜ் என்கிற தட்டைப் படகுகளில் சோளமும் சோயாவும் நியூ ஆர்லியன்ஸுக்குப் போகின்றன. ஒரு படகில் 1,500 டன். பதினைந்து படகுகளை இரும்புக் கயிற்றால் இறுகக் கட்டி ஒரே இழுவைக் கப்பல் பின்னாலிருந்து தள்ளுகிறது. தள்ளினாலும் அதற்குப் பெயர் இழுவைதான். ஊருக்குச் சற்று மேலே 16-ஆம் நம்பர் அணையின் மதகுக் கூடத்தின் நீளம் 600 அடி. பதினைந்து படகுக் கட்டு அதில் அடங்காது. நடுவில் அவிழ்த்து, முன்பாதியை இறக்கி, பின்பாதியை இறக்கி, மறுபடி கட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் படகுகளும் கிடையாது, மார்ச் வரை எல்லோரும் பேசாமல் காத்திருக்கிறார்கள். லாரி புக்கிங் ஆபீசில் அரை நாள் தாமதத்துக்கு நீங்கள் செய்யும் வாக்குவாதத்தை இவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்தச் சோயாவில் ஒரு அரசியலும் உண்டு. 1985-ல் கால்நடைத் தீவனம் பற்றித் தெரிந்துகொள்ளச் சீனாவிலிருந்து ஒரு சிறு குழு வந்தது. குழுவுக்குத் தலைவராக வந்த இளைஞர் ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போய்விட்ட பையனின் அறையில் தங்கினார். அவர் பெயர் ஷி ஜின்பிங். 2012-ல் சீனத் துணை அதிபராக மறுபடி வந்து பழைய சிநேகிதர்களோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஊரே புளகாங்கிதம் அடைந்தது. அப்புறம் இரண்டு நாட்டுக்கும் வரிச்சண்டை. 2018-ல் சீனா அமெரிக்கச் சோயா மேல் 25 சதவீதம் வரி போட்டது, 2025-ல் பல மாதம் வாங்கவே இல்லை. பெட்ரோல் பங்க் காபி மேஜையில் தினமும் கூடுகிற விவசாயிகள் இதைப் பேசும்போது கோபிப்பதுகூட இல்லை. "நம் வீட்டில் சாப்பிட்டவன்" என்று ஒரு வருத்தம், அவ்வளவுதான். சம்பந்தி வீட்டுச் சண்டையில் கேட்கிற அதே குரல்.

இன்னும் இரண்டு அதிசயம் சொல்கிறேன். மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட் மூன்றும் ஊருக்கே சொந்தமான ஒரே நிறுவனத்திலிருந்து வருகின்றன. அமெரிக்காவில் எல்லாம் தனியார்தான் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை. அடுத்தது முலாம்பழம். ஊருக்குத் தெற்கே மணல்பாங்கான நிலம், அதன் பழத்துக்கு இந்த வட்டாரத்தில் தனிப் பெயர். சாலையோரம் ஒரு மேஜை, மேலே பழங்கள், விலை எழுதிய அட்டை, காசு போட மூடியில் கீறல் விட்ட ஒரு தகர டப்பா. ஆள் கிடையாது! எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகவேண்டியது. நான் சுற்றுமுற்றும் பார்த்து, பேரம் பேச ஆளில்லாத கடுப்பில் முழு விலையும் போட்டுவிட்டு வந்தேன். அத்தையிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக, நம் சரவணன் இங்கே பரோட்டாக் கடை போடலாமா என்று கேட்டிருந்தீர்களே. சாதகம் உண்டு. கடை வாடகை சல்லிசு, மாமூல் கேட்டு யாரும் வருவதில்லை, திறப்புக்குப் பெரிய கத்தரி இலவசம். பாதகம் என்னவென்றால், முதலாவது ஆள். மாநிலச் சட்டப்படி மணிக்கு ஏழேகால் டாலர்தான் குறைந்தபட்சக் கூலி, 2008-லிருந்து அசையவில்லை. ஆனால் அந்தக் கூலிக்கு வேலைக்கு வருகிறவன் எவனும் கிடையாது. எல்லா வாசலிலும் "ஆட்கள் தேவை" பலகை. இரண்டாவது நேரம். இவர்கள் மாலை ஐந்தரைக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். நம் ஆள் கல்லைப் பற்றவைக்கும்போது ஊர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஆனாலும் ஒரு வழி தெரிகிறது. தக்காளி, முலாம்பழ வேலைக்கு வந்து தங்கிவிட்ட மெக்சிகோக் குடும்பங்கள் இங்கே நிறைய. ரெண்டாவது தெருவுக்குப் பின்னால் அவர்கள் மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. பச்சைமிளகாய், கொத்தமல்லி, மாங்காய், புளி எல்லாம் உண்டு. எட்டு மணிக்கு மேலும் அங்கே மட்டும் ஆட்கள் நின்று கதை பேசுவார்கள். போன வாரம் என் டப்பாவில் இருந்த பரோட்டாவைக் கடைக்கார அம்மாவிடம் நீட்டினேன். பிய்த்துச் சாப்பிட்டார், மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் கொடுத்தார், கொத்தமல்லிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். கடையின் பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறதாம். வாடகை சொல்லியிருக்கிறார், நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. சரவணன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டானா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
முரளி